கொடி தூக்காத பெனால்டி

ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பந்துக் குழுவை நடத்துகிற அர்ச்சுனன், சன்னாசிக்குக் கொடுக்கவேண்டிய கடன் முந்நூற்று ஐம்பது வெள்ளி. ஒரு வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏழு ஐம்பது வெள்ளித் தாள்கள், திங்கட்கிழமை சாயங்காலம், சிலிபின் வட்டாரத்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கை மாறின. கொடுத்தவன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"நான் குடுத்தேன்னு ஒரு ஆளு காதுக்கும் போவக்கூடாது அண்ணே."

"எனக்கென்னா பைத்தியமா? நீ குடுக்கவும் இல்ல, நான் வாங்கவும் இல்ல," என்றான் அர்ச்சுனன்.

தோட்டம் என்று சொன்னாலும் ஏழாங்கட்டையில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. வரிசை வீடுகளும் ஒரு பெட்ரோல் கடையும்தான். சனங்கள் ஈப்போ நகரத்துப் பிளாட்டுகளிலும் தாமான் குடியிருப்புகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஆனால் வருசத்துக்கு ஒருமுறை தோட்டக் கிண்ணப் பந்துப் போட்டி நடக்கும். அந்த ஒரு மாதம் மட்டும் எட்டுத் தோட்டங்களுக்கும் உயிர் வந்து, பையன்களின் சட்டை முதுகில் பெயராக ஓடும்.

அந்தக் கிண்ணத்துக்கு ஒரு விதி உண்டு. நடுவர் தீர்ப்பு தப்பு என்று புகார் கொடுக்கிற குழு முந்நூற்று ஐம்பது வெள்ளி கட்டவேண்டும். புகார் நியாயமென்று முடிவானால் பணம் திரும்பி வரும். இல்லையென்றால் கிண்ண நிதிக்குப் போய்விடும். புரோட்டெஸ்ட் காசு என்பார்கள். தோற்றவனெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசாமல் இருக்கப் பழைய ஆட்கள் போட்டு வைத்த பூட்டு அது.

அர்ச்சுனன் புகார் கொடுக்கப்போவது நடுவர் கனகராஜ் மேல். அதே ஆட்டத்தில் கோட்டோரம் கொடி பிடித்தவன் சன்னாசி. கொடி பிடித்தவனே தன் நடுவரை மாட்டிவிடக் காசு கொடுக்கிறான். அதுவும் சும்மா இல்லை. அந்தத் தீர்ப்பு சரிதான் என்று இரண்டு கண்ணாலும் தெளிவாகப் பார்த்தவன் அந்தத் திடலிலேயே அவன் ஒருவன்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஏழாங்கட்டையும் புதுக்காட்டுத் தோட்டமும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிய ஆறு நிமிடம். வலது ஓரத்திலிருந்து புதுக்காட்டுப் பையன் ஒரு பந்தைத் தூக்கி கோல் முன்னால் போட்டான். ஏழாங்கட்டையின் தற்காப்பு ஆட்டக்காரன் கோகிலன் குதித்தான். பந்து அவன் மேல் எங்கேயோ பட்டுக் கீழே விழுந்தது. எங்கே பட்டது என்பதுதான் சண்டை. கனகராஜ் இரண்டு எட்டு ஓடினான், ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தான், விசில் ஊதி வெள்ளைப் புள்ளியைக் காட்டினான். கையில் பட்டது, பெனால்டி. புதுக்காடு அதை உள்ளே போட்டது. கிண்ணம் போய்விட்டது.

சன்னாசி பெனால்டிக் கட்டத்துக்கு நேராக, பதினைந்து அடி தள்ளி நின்றான். பந்து கோகிலனின் இடது கையில் பட்டதை ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனால் கொடியைத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று அவனையே கேட்டால், எங்கள் தோட்டத்துப் பையன் என்று சொல்லிச் சமாளிப்பான். அது பொய். கனகராஜும் ஏழாங்கட்டைதான். நீயே பாத்து ஊதிக்கடா, ஒனக்கு எதுக்கு நான் கண்ணு குடுக்கணும். அந்த நொடியில் சன்னாசியின் நெஞ்சில் ஓடியது இதுதான்.

இது ஞாயிற்றுக்கிழமை முளைத்த காய்ச்சல் இல்லை. இருபத்து மூன்று வருசத்துக் காய்ச்சல்.

இரண்டு பேரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். ஒரே வருசம், ஒரே பஸ்ஸில் ஏறி நடுவர் பரீட்சைக்கு ஈப்போவுக்கு வந்தார்கள். ஓட்டத்தில் சன்னாசிதான் முதல் ஆள். கனகராஜ் அரைச் சுற்று பின்னால் நாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். திடலில் நிற்கவைத்துக் கேட்ட கேள்விக்கும் சன்னாசிதான் சரியாகப் பதில் சொன்னான். அப்புறம் அறைக்குள் உட்காரவைத்து மலாயில் நாற்பது கேள்வி அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்போடு ரப்பர் பால் வாளி தூக்கப் போன சன்னாசிக்கு அந்தத் தாளில் தெரிந்தது தன் பெயர் எழுதவேண்டிய கோடு மட்டும்தான். பெயரை எழுதிவிட்டு, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கனகராஜுக்கு நடுவர் பேட்ஜ் கிடைத்தது. அந்தப் பேட்ஜைக் காட்டி ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டுகிற அரசாங்க வேலையும் கிடைத்தது. சன்னாசிக்குக் கொடி கிடைத்தது. வார நாளில் குத்தகைக்காரனிடம் புல்லு மெஷின். ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற ரோட்டோரம் முழுக்க அவன் வெட்டியதுதான். மெஷினை இறக்கி வைத்த பிறகும் கை ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். தே ஓ டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான்.

திடலில் கனகராஜ் நடுவில் ஓடுவான். இரண்டு விசில் வைத்திருப்பான், ஒன்று கையில், ஒன்று பையில். மனைவி விமலா அவன் கருப்புச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து அனுப்புவாள். ஆட்டம் முடிந்தால் கனகராஜுக்கு நூற்று இருபது வெள்ளி, சன்னாசிக்கு அறுபது. சந்தையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால், "ஓய் ரெஃப்ரி!" என்று நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். சன்னாசியை எவனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. "கொடி, சாப்டியா?" அவ்வளவுதான். ஒருமுறை பத்திரிகையில் படம் வந்தது. கனகராஜ் தலை முதல் காலணி வரை முழுசாக இருந்தான். ஓரத்தில் சன்னாசியின் கொடி இருந்தது. சன்னாசி இல்லை.

திங்கட்கிழமை மாமாக் கடையில் நாலு மேசையை ஒட்டிப் போட்டு ஏழாங்கட்டை ஆட்களும் மற்றத் தோட்டத்து ஆட்கள் சிலரும் கூடிவிட்டார்கள். யாரோ எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒன்று எல்லார் போனுக்கும் வந்திருந்தது. அதில் கோகிலனின் முதுகுதான் தெரிந்தது.

"நெஞ்சுலா அது! நல்லாப் பாரு, நெஞ்சு!"

"நெஞ்சுல பட்டா பந்து ஏண்டா செத்த கோழி மாரி பொத்துன்னு கீழ வுழுவுது? கைதான்."

"ஒங்க கோகிலன் எதுக்குக் கைய ரெக்க மாரி விரிச்சான்?"

"குதிக்கிறவன் கைய பாக்கெட்ல வுட்டுக்கிட்டா குதிப்பான்? நீ குதிச்சுக் காட்டு பாப்போம்."

"மொதல்ல பந்து கைக்கு வந்துச்சா, கை பந்துக்குப் போச்சா, அதச் சொல்லுங்கலா."

"டிவில காட்டுறானே, ரெஃப்ரி ஓடிப்போயி பெட்டியில பாத்துட்டு வருவான், அந்த மாரி பாத்திருக்கணும்."

"பெட்டியா? நம்ம கோலுக்கே மீன் வலைதான் கட்டியிருக்கு, இவரு பெட்டி கேக்குறாரு!"

சிரிப்பு அடங்கியதும் அர்ச்சுனன் சன்னாசி பக்கம் திரும்பினான். "கொடி ஒங்கிட்டதான இருந்துச்சு? கிட்டக்க நின்னவன் நீ. நீ ஏன் தூக்கல?"

எல்லார் தலையும் திரும்பியது. இருபத்து மூன்று வருசத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவன் வாயைப் பார்த்தது அன்றைக்குத்தான். சன்னாசி கிளாஸை மெதுவாக வைத்தான்.

"தூக்கலன்னா என்னா அர்த்தம் அண்ணே?" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் மேசை கொதித்துவிட்டது. "பாத்தீங்களா! கொடியே தூக்கல! நம்ம கனகராஜ் நம்ம கழுத்தையே அறுத்துட்டான்!" நேற்றுவரை ரெஃப்ரி ரெஃப்ரி என்று கூப்பிட்ட வாய்கள் அவன் பேட்ஜையும் விமலா தேய்த்த சட்டையையும் சேர்த்து நாறடித்தன. சன்னாசிக்குக் காதில் தேன் பாய்ந்தது. இன்னும் இரண்டு பேர் திட்டட்டும் என்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகுதான் அர்ச்சுனன் அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனான். குழுக் காசு முழுக்க இந்த வருசச் சட்டைக்குப் போய்விட்டது. நாளைக்கு மத்தியானத்துக்குள் புரோட்டெஸ்ட் காசு கட்டவில்லை என்றால் புகார் செல்லாது.

"கட்டிட்டா?" என்றான் சன்னாசி.

"கட்டிட்டா நமக்குத்தான்லா. கிட்ட நின்ன லைன்ஸ்மேனே தூக்கலன்னா அவன் எப்படி நிப்பான்? மறு ஆட்டம் வைக்கணும். அவன் ஊத முடியாது. தைப்பிங்லேர்ந்து வேற ரெஃப்ரி கூப்ட்டா பஸ் காசு, சாப்பாட்டுக் காசு. கிண்ணத் தலைவரு பாஸ்கல் சார்ட்ட பேசிட்டேன். சன்னாசிக்கே விசிலக் குடுத்துடலாம்னாரு. நம்ம கிண்ணத்துக்குப் பேட்ஜ் கட்டாயம் இல்லையே."

மோட்டாருக்கு ரோடு டேக்ஸும் இன்சூரன்ஸும் கட்ட வைத்திருந்த பணம் சன்னாசியின் பையில் இருந்தது. கை ஆடிக்கொண்டிருந்ததால் எண்ணுவதற்குச் சிரமமாக இருந்தது. அர்ச்சுனனே எண்ணி எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை சன்னாசி சீனன் கடையில் ஆறு வெள்ளிக்கு ஒரு விசில் வாங்கினான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தான். பெனால்டிக்கு எப்படி ஊதுவது, கைகலப்புக்கு எப்படி ஊதுவது, ஆட்டம் முடிந்தால் எப்படி இழுத்து ஊதுவது எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"என்னாங்க, ரயிலு குளிக்கப் போயிருக்கா?" என்று வெளியிலிருந்து கேட்டாள் அவன் மனைவி மங்களம். கதவைத் திறந்ததும் அவன் கையிலிருந்த விசிலைப் பார்த்தாள். "கனகராஜ் அண்ணன மாட்டிவுட ஒரு கூட்டம் அலையுதாமே? பாவம் அந்த மனுசன். நடுவுல நின்னு ஓடுற ஆளுக்குத்தான் எல்லா ஏச்சும்."

"ஆமா, பாவம்! நான் ஓரத்துல ஓடுனா அது நடை, அவன் நடுவுல ஓடுனாத்தான் ஓட்டம், இல்ல?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஒனக்கும் அவன்தான் ஆளு," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மங்களத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சமூக மண்டபத்தில் விசாரணை. கிண்ணத்தின் தலைவர் பாஸ்கல், கோப்பெங்கில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தோட்டத்துக்கும் சாயாத ஆள் என்பதால் பன்னிரண்டு வருசமாக அவரை மாற்றவே இல்லை. நீள மேசையில் அவரும் கிண்ணக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நாற்பது நாற்காலி போட்டும் இடம் போதவில்லை. கோகிலன் கடைசி வரிசையில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

அர்ச்சுனன் வீடியோவைக் காட்டினான். பாஸ்கல் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு தடவை பார்த்தார்.

"எனக்கு முதுகுதான் தெரியுது," என்றார். "கனகராஜ், நீ என்னாப் பாத்த? சொல்லு."

கனகராஜ் எழுந்து நின்றான். வேலை முடிந்து நேராக வந்திருந்தான், ஆஸ்பத்திரிச் சட்டையோடு.

"எனக்கும் முதுகுதான் சார் தெரிஞ்சிச்சு. கையில பட்டத நான் பாக்கல."

மண்டபம் எழுந்துவிட்டது. "கேட்டுக்குங்க! அவனே சொல்லிட்டான்!" அர்ச்சுனன் நாற்காலி மேல் ஏறாத குறை. இவ்வளவு சுலபமாகக் கனகராஜ் விழுவான் என்று சன்னாசி நினைக்கவே இல்லை.

பாஸ்கல் மேசையைத் தட்டினார். "பாக்காம எப்படிப்பா ஊதுன?"

"சன்னாசியப் பாத்தேன் சார்."

"அவரு கொடிய தூக்கலையே?"

"தூக்கல. கொடியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, வலது கையால எடது கையத் தேய்ச்சான். இங்க, மணிக்கட்டுக்கு மேல." கனகராஜ் தன் கையில் காட்டினான். "அவனுக்கே தெரியாது சார் அது. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஆட்டத்துல எவனுக்கு எங்க பட்டாலும், இவன் தன் ஒடம்புல அதே எடத்தத் தேய்ப்பான். ஒரு நாளும் எடம் மாறுனது இல்ல. இத்தன வருசமா எனக்குச் சந்தேகம் வந்தா நான் கொடியப் பாக்குறது இல்ல, இவன் கையத்தான் பாப்பேன். இவன் கண்ணு மாரி கண்ணு இந்தப் பேராக் மாநிலத்துலயே யாருக்கும் கெடையாது சார். இவன் தேய்ச்சான், நான் ஊதுனேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அர்ச்சுனன் விடவில்லை.

"சார், கொசு கடிச்சிருக்கும் சார்! தேய்ச்சதுக்கெல்லாம் பெனால்டியா? அப்ப சொறிஞ்சா என்னா, செவப்பு கார்டா?"

மண்டபம் குலுங்கியது. பாஸ்கலும் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவைக் கையில் எடுத்தார்.

"சன்னாசி, எந்திரி. அன்னிக்கு நீ தேய்ச்சியா?"

தேய்த்தானா? அவனுக்கு ஞாபகம் இல்லை. கொடி கக்கத்தில் இருந்தது மட்டும் நினைவு வந்தது. அது எப்படி அங்கே போனது என்று அவன் இதுவரை யோசித்ததே இல்லை.

"தேய்ச்சிருப்பேன் சார்."

"கொசுவா, பந்தா?"

கொசு என்று ஒரு சொல் சொன்னால் போதும். முந்நூற்று ஐம்பது திரும்பி வரும். மறு ஆட்டத்தில் விசில் கையில் இருக்கும். எல்லாரும் சிரித்து முடித்துவிட்ட பொய் அது, பொய் மாதிரியே தெரியாது. சன்னாசி கனகராஜைப் பார்த்தான். அவன் பயப்படவில்லை. ரோட்டைக் கடக்கத் தெரிந்த ஆளோடு போகிறவன் மாதிரி சாதாரணமாக நின்றான். அதுதான் சன்னாசியை எரித்தது. இப்பக்கூட ஒரு வேர்வை வரல பாரு இந்தப் பயலுக்கு.

அப்போதுதான் இன்னொன்று மண்டையில் ஏறியது. இருபத்து மூன்று வருசமாகக் கனகராஜ் ஊதிய விசிலில் பாதி, சன்னாசி பார்த்தது. ஊர் கனகராஜுக்குக் கை கொடுத்துப் பாராட்டிய எத்தனையோ தீர்ப்பு சன்னாசியுடையது. இதை ஒரு மனுசன் வாய்விட்டுச் சொல்லமாட்டானா என்று அவன் ஏங்கிக் கிடந்தான். இன்றைக்கு நாற்பது நாற்காலி முன்னால் சொல்லியாகிவிட்டது. கொசு என்று சொன்னால் கனகராஜ் விழுவான், சரி. அவனோடு சேர்ந்து இந்தக் கண்ணும் பொய்யாகிப் போகும். ஒரு பெனால்டி, வாழ்க்கையில் ஒரே ஒரு பெனால்டி, தன்னுடையது என்று தெரிந்த பிறகு அதை எப்படிக் கொசுவுக்குக் கொடுப்பான்?

"பந்து சார்."

"என்னாது?"

"பந்து. எடது கை. மணிக்கட்டுக்கு மேல நாலு வெரக்கட. கை ஒடம்ப வுட்டு வெலகி மேல போச்சு. பந்து கைக்கு வரல, கைதான் போயித் தட்டுச்சு." குரல் தானாக உயர்ந்தது. "அந்தப் பெனால்டிய அவன் குடுக்கல சார். நான் குடுத்தது."

கடைசி வரிசையில் கோகிலன் எழுந்து வெளியே போனான். அதைப் பார்த்த பிறகு ஏழாங்கட்டை ஆட்களும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அர்ச்சுனன் மட்டும் கத்தினான்.

"டேய்! அப்பறம் எதுக்குடா எங்கிட்ட முன்னூத்தம்பது வெள்ளி குடுத்த? கொடியத் தூக்கலன்னா என்னா அர்த்தம்னு கேட்டியேடா கடையில!"

பாஸ்கலின் பேனா நின்றுவிட்டது. கனகராஜ் மெதுவாகத் திரும்பிச் சன்னாசியைப் பார்த்தான். சன்னாசி தரையைப் பார்த்தான்.

பாஸ்கல் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடும் குசுகுசுவென்று பேசிவிட்டு எழுதியதைப் படித்தார். பெனால்டி சரி. கிண்ணம் புதுக்காட்டுக்கே. புரோட்டெஸ்ட் காசு நிதியில் சேரும். பார்த்தும் கொடி தூக்காததற்காகச் சன்னாசி அடுத்த வருசம் கொடி பிடிக்கக் கூடாது.

கூட்டம் கலைந்தபோது எல்லாரும் கனகராஜைத்தான் சுற்றி நின்றார்கள். "பாக்கலன்னு சபையில சொல்ல எவனுக்குலா தைரியம் வரும்? மனுசன்யா!" என்று முதுகில் தட்டினார்கள். திங்கட்கிழமை கழுத்தறுத்தவன் என்று திட்டிய அதே வாய்கள். உண்மையைச் சொன்னது நான், கைகுலுக்கல் அவனுக்கு. சன்னாசிக்கு வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.

வெளியே மோட்டாரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கனகராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

"முன்னூத்தம்பதா?" என்றான்.

"ம்."

"எம்மேல ஒனக்கு அவ்வளவு இருக்குதுன்னு தெரியும். காசு போடுற அளவுக்குன்னு தெரியாது."

"தெரிஞ்சும் எதுக்கு என்னையே கொடிக்குக் கூப்ட்ட?"

"வேற யாரு கையப் பாத்து ஊதுறது?" என்றான் கனகராஜ். சிரிக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டான். அவன் கோபமாக இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் சன்னாசிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதையும் கொடுக்காமல் போய்விட்டான்.

அர்ச்சுனன் மண்டப வாசலில் காத்திருந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கடன்காரனா ஒம் முன்னால நிக்க எனக்கு இஷ்டமில்ல. கையில இப்ப இல்ல. மாசம் அம்பது, ஏழு மாசம். வாங்கிக்க. அதுக்கப்பறம் மூஞ்சிலயே முழிக்காத."

சன்னாசி தலையை ஆட்டினான். "வேணாம் அண்ணே."

"என்னா வேணாம்? தர்மமா?"

"தர்மம் இல்ல. புகார் எழுதுனது நீங்க, ஆனா அவன் மேல புரோட்டெஸ்ட் போட்டது நான்தான். தோத்தவன் காசு திரும்பி வராது. ரூலு அப்படித்தான இருக்கு."

அர்ச்சுனன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, கதவைப் பூட்டிக்கொண்டிருந்த பாஸ்கலைக் கூப்பிட்டான். "சார், நீங்களும் வந்து கேட்டுக்குங்க. இவன நம்ப முடியாது, நாளைக்கு மாத்திப் பேசுவான்."

பாஸ்கல் சாவியும் கையுமாக வந்து நின்றார். சன்னாசி அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

"அர்ச்சுனன் அண்ணன் எனக்கு ஒரு காசும் தரவேண்டியது இல்ல சார். தீந்துபோச்சு."